கடைசிப் பெட்டியின் சிவப்புத் தட்டு

டாகவ்பில்ஸ் சரக்கு முற்றம். இரவு மணி இரண்டு.
பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று.
எடைச்சீட்டு எழுதும் வினெட்டா ஸ்க்ரஸ்டினா
கையுறையின் விரல்நுனிகளைக் கத்தரித்துவிட்டு
ஜாவா பழகுகிறாள்.

ஐந்தாம் தடத்தில் ஒரு ரயில் நிற்கிறது:
பொட்டாஷ், பிர்ச் மரம், ஒட்டுப்பலகை.
நாற்பத்து மூன்று பெட்டி. மொத்த எடை?
அவள் அறிந்த வழி
விளக்கோடு இறங்கி, கூட்டிக்கொண்டே நடப்பது.
பாடமோ, நடக்காதே என்கிறது.
பெட்டியையே கேள்.

ஆக, பெட்டி என்றொரு கிளாஸ்.
ஒவ்வொரு பெட்டிக்கும் தெரிந்தது இரண்டே:
தன் எடை,
தன் பின்கொக்கியில் மாட்டியிருப்பது யார்.
முழு ரயிலை எந்தப் பெட்டியும் பார்த்ததில்லை.

மெத்தட்டுக்கு மொத்தம் என்று பெயர் வைத்தாள்.
என் எடை, கூட்டல், மொத்தம்.
ஓட்டினாள்.
திரை முழுக்க ஒரே வரி, அதே வரி, மறுபடி அதே வரி,
ஆயிரத்துச் சொச்சம் முறை.
அடுக்கு நிரம்பி வழிந்ததாம்.

தேநீருக்கு வந்த குந்தார்ஸ் எட்டிப் பார்த்தான்.
"என் மாமனார் மாதிரி இருக்கிறதே.
அவரும் கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொண்டு
பதில் வரவில்லை என்று கத்துவார்."
சர்க்கரையைக் கடித்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் போன பிறகுதான் உறைத்தது.
பெட்டி தன்னையே கேட்டிருக்கிறது.
கேட்க வேண்டியது பின்னால் இருப்பதை.
இடையில் ஒரு புள்ளி போதும்:
பின்பெட்டி, புள்ளி, மொத்தம்.
கேள்வி அதேதான். கேட்கப்படும் உடம்பு வேறு.

மறுபடி ஓட்டினாள்.
இம்முறை கேள்வி ஓடியது,
கொக்கி கொக்கியாக, பனியில் தாவி,
நாற்பத்து மூன்றாவதையும் தாண்டி
வெற்றுத் தண்டவாளத்தைப் போய்க் கேட்டது.
நல், என்றது இயந்திரம்.
(தமிழில் எழுதினால் நல்லதுபோல் தெரியும் சொல்.
பொருள்: அங்கே ஒருவருமில்லை.)

ஜன்னலுக்கு வெளியே, தொலைவில்,
கடைசிப் பெட்டியின் முதுகில் சிவப்புத் தட்டு.
பதினாறு வருடமாக அதைத் தினம் பார்க்கிறாள்.
அது எதற்கென்று இன்றுதான் யாரோ கேட்டதுபோல்
முதல் வரியாக எழுதினாள்:
எனக்குப் பின்னால் யாருமில்லையெனில்
என் எடையே மொத்தம்.

இனி நடந்ததை மெதுவாகச் சொல்கிறேன்,
எனக்கும் புரிய நாளானது.
முதல் பெட்டி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது.
இரண்டாவது, மூன்றாவதைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது.
நாற்பத்திரண்டு பெட்டிகள்
தத்தம் எடையைக் கையில் ஏந்தியபடி
பாதி வாக்கியத்தில் நிற்கின்றன.
மெத்தட் ஒன்று. ஆனால் நான் என்பது
ஒவ்வொன்றிலும் வேறு நான்.
போகும்போது எதுவும் கூடுவதில்லை.
சிவப்புத் தட்டு, எண்பத்து நான்கு, என்று சொன்ன பிறகே
முன்னிருப்பது தன் எண்பத்தெட்டைச் சேர்க்கிறது,
வாக்கியத்தை முடிக்கிறது,
முன்னால் தள்ளுகிறது,
வண்டி கிளம்புகையில் கொக்கிகள் அதிர்வதுபோல்,
ஆனால் பின்னிருந்து.

திரையில்: மூவாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு.

பகல் ஷிஃப்ட் கூட்டி வைத்த தாளில்:
மூவாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறு.

இருபத்திரண்டு டன் இடிக்கிறது.
தன் நிரலைத்தான் முதலில் சந்தேகித்தாள்,
புதிதாய்ப் பழகுகிறவர்கள் எல்லோரையும் போல.
வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள். பிழையில்லை.
பிறகு கோட்டு, விளக்கு, கதவு.

முப்பத்தொன்றாம் பெட்டி.
சரக்கில்லை. தரையில் கொஞ்சம் பனி.
காலி என்று தாளில் விட்டுவிட்டிருக்கிறார்கள்.
இரும்பில் வெள்ளை எழுத்து:
சொந்த எடை, 22.

கேட்டால் சொல்லியிருக்கும்.
இன்று கேட்டார்கள்,
சொல்லியிருக்கிறது.